புத்தகம் கிழியட்டும்

பீரோ சாவி தலைமையாசிரியையின் கைப்பையில் இருந்தது. இரண்டு மூன்று முறை திருகிப் பார்த்து, கைப்பிடியைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கிய பிறகுதான் கதவு திறந்தது. குப்பென்று அந்துருண்டை வாசம். நான்கு தட்டு நிறையக் கதைப்புத்தகங்கள். கீழ்த்தட்டில் இரண்டு கட்டுகள் வந்த சணல் கயிற்றோடு அப்படியே இருந்தன. மேலே இருந்ததில் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வழவழப்பான படத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விரலால் நீவி நீவிப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்தப் புத்தகம் பள்ளிக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் படிக்கிறதுல ஆர்வமே இல்ல சார். எல்லாம் செல்போன்தான்" என்று அதற்குக் கால்மணி நேரம் முன்புதான் அவர் என்னிடம் வருத்தப்பட்டிருந்தார். அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளி அது. காலை உணவு, எமிஸ் இணையதளப் பதிவு, ஊர்க் கூட்டம், அலுவலகத்துக்குப் போகிற கடிதம் எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு பாடமும் நடத்துகிறவர். பிள்ளைகள் அவரைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தாலே தெரியும், நல்ல ஆசிரியை. ஆனால் அவர் சொன்ன அந்த வார்த்தை அவருடையது மட்டும் இல்லை. ஆசிரியர் கூட்டத்தில், பெற்றோர் பேச்சில், பட்டிமன்ற மேடையில், பத்திரிகைக் கட்டுரையில் என்று எங்கும் இதையே கேட்டுக் கேட்டு, இது நிரூபணமான உண்மை என்றே நாம் எடுத்துக்கொண்டோம். அதைத் தொட்டே இன்னொன்றும் வருகிறது: ஆர்வமில்லாத பிள்ளைக்கு ஆர்வத்தை ஊட்ட வேண்டும், ஆகவே போட்டி வை, பரிசு கொடு, சான்றிதழ் கொடு, யார் எத்தனை புத்தகம் படித்தார்கள் என்று கணக்கெடு.

இந்த இரண்டையும் நான் மறுக்கிறேன். தொடக்கப்பள்ளிப் பிள்ளையிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. அதன் கைக்குப் புத்தகம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, நீட்டாத கையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அன்று அந்தப் பீரோவைக் காலி செய்தோம். வராந்தாவில் பாய்களை விரித்து, புத்தகங்களை அட்டை தெரியும்படி பரப்பினோம். முதுகு தெரிகிற மாதிரி அடுக்கினால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அது செங்கல் அடுக்கு மாதிரிதான் தெரியும். மொத்தம் 41 பிள்ளைகள். "எது வேணும்னாலும் எடுக்கலாம். பிடிக்கலைன்னா வெச்சிட்டு வேற எடுக்கலாம். யாரும் கேள்வி கேக்க மாட்டோம்." இவ்வளவுதான் சொன்னோம். முதல் ஐந்து நிமிடம் சந்தைக்கடை இரைச்சல். ஒரே புத்தகத்தை இரண்டு பேர் இழுத்தார்கள். எடுத்த வேகத்தில் திரும்ப வைத்தவர்கள் உண்டு. பிறகு யாரும் அதட்டாமலே சத்தம் அடங்கியது.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் யானைப் படம் போட்ட புத்தகத்தோடு தூணடியில் குப்புறப் படுத்துக்கொண்டான். அவனுக்கு இன்னும் எழுத்துக்கூட்டவே வரவில்லை என்று ஆசிரியை என்னிடம் மெல்லச் சொன்னார். அவன் படத்தைப் பார்த்துத் தானாக ஒரு கதை சொல்லிக்கொண்டே போனான். நான்காவது பக்கத்தில் யானை இல்லை. குளமும் நீர்க்குமிழிகளும் மட்டும் இருந்தன. அங்கே அவன் கதை நின்றுவிட்டது. முன்னால் ஒரு பக்கம் திருப்பினான், பின்னால் ஒரு பக்கம் திருப்பினான். எழுந்து போய் நான்காம் வகுப்பில் படிக்கிற ஒரு பெண்ணின் முழங்கையைச் சுரண்டினான். "யக்கா, யான எங்க போச்சுன்னு இதுல போட்டிருக்கா?" அவள் வரிக்குக் கீழே விரல் வைத்து வாசித்துக் காட்டினாள். அவன் படத்தை விட்டுவிட்டு அந்த விரல் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தனக்கு வேண்டிய சேதி அந்தக் கறுப்புக் கோடுகளுக்குள்தான் இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிகிற நேரம் அது. வாசிப்பின் தொடக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். இதற்கு யாரும் அவனுக்குப் பேனா பரிசு தருவதாகச் சொல்லவில்லை. யானை எங்கே என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. மணியடித்ததும் நாலைந்து பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று கேட்டார்கள்: "சார், இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?"

ஆர்வமில்லாத பிள்ளைகள் கேட்கிற கேள்வியா இது?

பரிசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ஏனென்றால் நல்ல மனதோடு செய்கிறவர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள்.

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள பிள்ளைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் நாடாவும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு முன்னால் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து வகுப்பில் அதே பேனாக்களை வைத்துவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்ற இரண்டு பிரிவினர் வரைந்த நேரத்தில் பாதியளவே வரைந்தார்கள். பிடித்த வேலையைக் கூலி வேலையாக மாற்றினோம். கூலி நின்றதும் விருப்பமும் வடிந்துவிட்டது.

வாசிப்புக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஆண்டு விழாவில் 'அதிகப் புத்தகம் படித்த மாணவர்' என்று கேடயம் தருகிற பள்ளிகளுக்கு நான் போயிருக்கிறேன். கேடயம் வாங்கிய பிள்ளைகளிடம் பேசியிருக்கிறேன். எத்தனை என்பது சட்டென்று வரும்: அறுபது, எழுபத்திரண்டு. எது பிடித்தது என்று கேட்டால் பிள்ளை டீச்சர் முகத்தைப் பார்க்கும். எண்ணிக்கைதான் பரிசைத் தீர்மானிக்கிறது என்று தெரிந்தால், பிள்ளை மெல்லிய புத்தகமாகத்தான் தேடும். அதில் தப்பே இல்லை. நாம் வைத்த விதிக்கு அது சரியாக விளையாடுகிறது. ஒரே புத்தகத்தை ஏழு தடவை திரும்பத் திரும்பப் படிக்க ஆசைப்படுகிற பிள்ளை அந்தப் போட்டியில் தோற்றுப்போகும். ஆனால் ஆறு, ஏழு வயதில் வாசிப்பு ஊறுவதே திரும்பப் படிப்பதில்தான். அடுத்த வரி என்ன என்று முன்பே தெரிந்திருப்பதால், எழுத்தும் ஒலியும் தானாகப் பொருந்துகின்றன. அந்தத் தைரியத்தில்தான் அது புதிய புத்தகத்தில் கை வைக்கிறது. எண்ணிக்கைக் கணக்கு முதலில் கொல்வது இதைத்தான்.

வரிசையில் கடைசியில் நிற்கிற பிள்ளையையும் பாருங்கள். சுவரில் நட்சத்திர அட்டவணை ஒட்டி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒட்டுப்பொட்டு வைக்கிறார்கள். வீட்டில் அம்மா, அக்கா, புத்தகம் எல்லாம் இருக்கிற பிள்ளைக்கு நட்சத்திரம் நிறைகிறது. வாசிக்கத் திணறுகிற பிள்ளை தினமும் காலையில் வகுப்புக்குள் நுழையும்போது தன் பெயருக்கு எதிரே வெறும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் நுழைகிறது. யாருக்காக இந்த ஊக்குவிப்பு? ஏற்கெனவே படிக்கிற பிள்ளைக்குப் பரிசு தேவையில்லை. படிக்க முடியாத பிள்ளைக்கு அந்தப் பரிசு கிடைக்கப்போவதில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான சான்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. பொருளியலாளர் ரோலண்ட் ஃபிரையர் டல்லாஸ் நகரப் பள்ளிகளில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகத்துக்கு 2 டாலர் வீதம் காசே கொடுத்துப் பார்த்தார். படித்து முடித்ததும் கணினியில் ஒரு சிறு வினாடிவினா, தேறினால் காசு. ஆங்கிலத்தில் தேர்வெழுதிய பிள்ளைகளின் வாசிப்புத் திறன் கூடியிருந்தது. ஸ்பானிஷில் தேர்வெழுதிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதை நான் இப்படிப் படிக்கிறேன்: எடுக்கப் புத்தகமும், படிக்க மொழியும் ஏற்கெனவே வசப்பட்ட பிள்ளையைக் காசு இன்னும் நாலு புத்தகம் படிக்க வைக்கும். மொழியே தடையாக நிற்கிற பிள்ளைக்குக் காசு அந்தத் தடையை எடுத்துத் தராது. நம் தொடக்கப்பள்ளிகளில் பெரும்பாலான பிள்ளைகள் நிற்பது அந்த இரண்டாவது வரிசையில்.

ஏன் என்று சொல்கிறேன். தமிழ்ப் பிள்ளைக்கு எழுத்து மட்டுமா புதிது? புத்தகத்தின் தமிழே புதிது. வீட்டில் 'இருக்கு', புத்தகத்தில் 'இருக்கிறது'. வீட்டில் 'போயிட்டான்', புத்தகத்தில் 'போய்விட்டான்'. 247 எழுத்தும் பழகி, கொம்பும் காலும் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகூட ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி முடித்ததும், அந்தச் சத்தம் தான் கேட்டறிந்த எந்தப் பேச்சோடும் சேராததைக் கண்டு விழிக்கிறது. வாசித்துப் பொருள் உணர்வது, எழுத்தைக் கூட்டும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது என்று 1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னார்கள். கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். அந்த இரண்டாவது திறன் வருவது காது வழியாக. யாராவது புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியிருக்கிற தமிழிலேயே, ஏற்ற இறக்கத்தோடு தினமும் வாசித்துக் காட்ட வேண்டும். கதை சொல்வது நல்லது. ஆனால் கதை சொல்வது வேறு, கதை வாசித்துக் காட்டுவது வேறு. 'போய்விட்டான்' என்பது நூறு தடவை காதில் விழுந்த பிள்ளைக்கு, தாளில் அதைக் கூட்டும்போது பாதியிலேயே பிடிபட்டுவிடும்.

"எழுத்துக்கூட்டவே தெரியாதவனுக்குக் கதைப்புத்தகம் எதுக்கு? மொதல்ல எழுத்து வரட்டும்" என்பவர்களுக்கும் என் பதில் இதுதான். 2024ஆம் ஆண்டின் அசர் (ASER) கல்வி அறிக்கைப்படி, இந்தியக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பகுதியை வாசிக்க முடிந்தவர்கள் ஏறத்தாழ 27 சதவீதம்தான். இதைப் பார்த்துப் பதறாமல் இருக்க முடியாது. எழுத்தறிவை முறையாகக் கற்றுத்தர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் தேவையை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் எழுத்து முழுதாக வந்த பிறகுதான் கதை என்று வரிசை வைத்தால், எழுத்து எதற்காக என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது. யானை எங்கே போயிற்று என்று கேட்டானே, அவனுக்கு மறுநாள் 'யா' சொல்லிக்கொடுப்பது எளிது. அவன் அதைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

செல்போனைப் பற்றி நீட்டி முழக்க எனக்கு விருப்பமில்லை. கையில் புத்தகம் இல்லாத வீட்டில் பிள்ளை போனைத்தான் எடுக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அல்லவா தீர்ப்புச் சொல்ல வேண்டும்? அந்தச் சோதனையை நாம் செய்யவே இல்லை.

"நாங்க எல்லாம் அந்தக் காலத்துல எவ்ளோ படிச்சோம்" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் அந்தத் தலைமுறைதான். 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவையும், 1972இல் வந்த கோகுலத்தையும், முத்து காமிக்ஸையும் நாம் படித்தது நமக்கு அறிவு அதிகம் என்பதால் இல்லை. பெட்டிக்கடைக் கயிற்றில் அவை கண்ணுக்கு நேரே தொங்கின. பக்கத்து வீட்டில் வாங்கினால் தெருவே படித்தது. பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைத்தது. எவரும் நம்மிடம் கதைச்சுருக்கம் கேட்கவில்லை. கூரை வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கு அந்தக் காலத்திலும் அது எட்டவில்லை என்பதையும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். இன்று அந்தக் கயிறே இல்லை. கோகுலம் அச்சில் வருவது நின்றுபோனது. பெட்டிக்கடையில் தொங்குவது ஷாம்பு பாக்கெட். ஊரில் பிள்ளைகள் புத்தகத்தைக் கண்ணால் பார்க்கிற ஒரே இடமாகப் பள்ளிக்கூடம்தான் மிஞ்சியிருக்கிறது. அங்கேயும் பூட்டு.

பூட்டு ஏன் என்று அந்தத் தலைமையாசிரியையிடம் நேராகவே கேட்டேன். அவர் சொன்ன பதில் என்னை வாயடைக்க வைத்தது. "நீங்க போயிடுவீங்க சார். ஸ்டாக் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டிருக்கறது நான். ஒரு புக்கு கொறஞ்சாலும் நாளைக்கு ஆடிட்ல நான்தான் பதில் சொல்லணும். ரிட்டயர் ஆகும்போது நிக்க வெச்சிட்டா?"

இதுதான் விஷயத்தின் வேர். மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கான பீரோக்கள் பூட்டியிருப்பதற்குச் சோம்பல் காரணம் இல்லை, பயம் காரணம். பதிவேட்டைப் பொறுத்தவரை புத்தகமும் மேசை நாற்காலியும் ஒன்றுதான். நாற்காலி இருந்த இடத்தில் இருந்தால் கணக்குச் சரி. புத்தகமும் இருந்த இடத்தில் இருந்தால் கணக்குச் சரி. ஒரு புத்தகம் ஐம்பது பிள்ளைகள் கைபட்டு நைந்து போனால் அது குறை. ஒருவர் கையும் படாமல் பளபளவென்று இருந்தால் அது ஒழுங்கான பராமரிப்பு. இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு வாசிப்பை வளர்க்க எத்தனை திட்டம் போட்டாலும் அது பீரோ வரைக்கும்தான் போகும்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்தபோது 1931இல் நூலகத் துறைக்கு ஐந்து விதிகளை வகுத்துக் கொடுத்தார். உலகமே அதை ஏற்றுக்கொண்டது. அதில் முதல் விதி, புத்தகம் பயன்படுத்தப்படுவதற்காகவே இருக்கிறது என்பது. இதைச் சொல்ல ஒரு விதி வேண்டுமா என்று தோன்றும். ஒரு காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததை அவர் எடுத்துக்காட்டி, காப்பாற்றுவதற்காகப் புத்தகம் என்ற எண்ணத்திலிருந்து பயன்படுத்துவதற்காகப் புத்தகம் என்ற எண்ணத்துக்கு வர எவ்வளவு காலம் ஆனது என்று விளக்குகிறார். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். வண்டிப் பாதையின் குலுக்கலில், மழையில், புழுதியில் அந்தப் புத்தகங்கள் புத்தம்புதிதாகவா இருந்திருக்கும்? சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம், 1948இல், இந்த மண்ணில்தான் வந்தது. அப்படிப்பட்ட நாம் பள்ளிப் பீரோவுக்குள் சங்கிலியைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறோம்.

புத்தகம் தொலைவது இயல்பு என்பதை அரசாங்க விதியே ஒப்புக்கொள்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017, அதன் நூலகங்களில் வழங்கப்படும் ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து காணாமல் போவதை நியாயமான இழப்பாக ஏற்கிறது. அலட்சியமோ நேர்மைக்கேடோ காரணமாக இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. பெரியவர்கள் புழங்குகிற நூலகத்துக்கே ஆயிரத்துக்கு ஐந்து என்றால், ஆறு வயதுப் பிள்ளை மழையில் நனைந்தபடி பையில் போட்டு எடுத்துப் போகிற முப்பது ரூபாய்ப் புத்தகத்துக்கு எவ்வளவு தாராளம் வேண்டும்? தொடக்கப்பள்ளிக் கதைப்புத்தகங்களை நாற்காலிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சாக்பீஸ் மாதிரி, தீர்ந்துபோகிற பொருள் என்று எழுதுங்கள். தொலைந்தாலும் கிழிந்தாலும் ஆசிரியரிடம் ஒரு பைசா பிடிக்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். இந்த ஒரு உத்தரவு செய்கிற வேலையை நூறு வாசிப்பு விழா செய்யாது.

கல்வி உரிமைச் சட்டம், 2009, அதன் அட்டவணையில் ஒவ்வொரு பள்ளிக்கும் நூலகம் வேண்டும் என்கிறது. செய்தித்தாள், பருவ இதழ், கதைப்புத்தகம் உட்பட எல்லாத் துறைப் புத்தகமும் அங்கே இருக்க வேண்டும் என்கிறது. கதைப்புத்தகம் என்று பெயர் சொல்லியே கேட்கிறது சட்டம். ஆகவே இது ஆசிரியரின் கருணை இல்லை, பிள்ளையின் உரிமை.

நேரமில்லை என்பார்கள். அதே அட்டவணை ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 பாட மணி நேரம் என்று வைத்திருக்கிறது. தினமும் 20 நிமிடம் புத்தகத்துக்கு என்று ஒதுக்கினால் ஆண்டுக்கு 67 மணி நேரம்கூட வராது. எண்ணூறில் அறுபத்தேழு. அந்த இருபது நிமிடத்தில் பத்து நிமிடம் ஆசிரியர் வாசித்துக் காட்டட்டும், பத்து நிமிடம் பிள்ளைகள் பிடித்ததை எடுத்துக்கொண்டு போய் உட்காரட்டும். படம் மட்டும் பார்க்கிற பிள்ளை படம் பார்க்கட்டும். ஆசிரியரும் அப்போது தன் புத்தகம் ஒன்றைப் படிக்கலாம். பெரியவர்கள் விருப்பத்தோடு படிப்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?

நல்ல முயற்சிகள் நடக்காமல் இல்லை. பள்ளிக்கல்வித் துறை 2023இல் கொண்டுவந்த வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நுழை, நட, ஓடு, பற என்று பிள்ளையின் வாசிப்புக்குத் தக்கபடி நான்கு படிகள். சின்னப் புத்தகம், படம், பிள்ளைகள் உலகத்துக் கதை. பெயர் வைத்ததிலேயே பிள்ளைகளை அறிந்த ஒரு மனம் தெரிகிறது. என் கவலை, அது பள்ளிக்குள் நுழைந்த பிறகு என்ன ஆகிறது என்பது. எத்தனை பிள்ளை 'ஓடு' முடித்தது, எத்தனை பேர் 'பற'வுக்குப் போனார்கள் என்று மேலிருந்து கேட்கத் தொடங்கினால், கீழே ஆசிரியர் பிள்ளையை விரட்டத் தொடங்குவார். அவருக்கு வேறு வழி இல்லை. விரட்டுகிற இடத்தில் நடக்கவும் முடியாது, பறக்கவும் முடியாது. மீளாய்வுக்கு வருகிற அதிகாரி எண்ணிக்கை கேட்க வேண்டாம். ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து, அதன் ஓரம் நைந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். அது போதும்.

அப்புறம், பள்ளிகளில் பிள்ளைகளை எழுதச் சொல்கிற வாசிப்பு நோட்டு. படித்த புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர், கதைச்சுருக்கம், கதை கூறும் நீதி என்று கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை, பிடித்த புத்தகத்தை எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பதைப் பார்த்தேன். ஏம்மா என்றேன். "இதுல நீதி இல்ல சார்" என்றாள். குரங்கு ஒன்று தொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கதை அது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நோட்டில் எழுத நீதி வரவில்லை. ஆகவே அந்தக் கதையை விட்டுவிட்டாள். படித்து முடித்த பிள்ளையிடம் ஏதாவது கேட்டே ஆக வேண்டும் என்றால், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள், உங்களுக்கே தெரிந்துகொள்ள ஆசை இருந்தால். இல்லையென்றால் கேட்காதீர்கள்.

அந்த ஈராசிரியர் பள்ளிக்குத் திரும்பி வருகிறேன். தலைமையாசிரியை ஒரு வெள்ளிக்கிழமை துணிந்து, ஆளுக்கு ஒன்றாக 41 புத்தகங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். திங்கட்கிழமை 39 திரும்பி வந்தன. ஒன்றில் தங்கச்சிப் பாப்பா நீலப் பேனாவால் கிறுக்கியிருந்தது. இன்னொன்றின் அட்டை கிழிந்து, யாரோ சோற்றுப் பசை வைத்து ஒட்டி, மேலே பழைய காலண்டர் தாளில் அட்டையும் போட்டுத் தந்திருந்தார்கள். அந்த அட்டையைப் போட்ட கை ஒரு அப்பாவுடையது என்று பிறகு தெரிந்தது. திரும்பாத இரண்டில் ஒன்று ஆயா வீட்டுக்குப் போய்விட்டுப் பதினைந்து நாள் கழித்து வந்து சேர்ந்தது. மற்றொன்று வரவில்லை. அந்தப் பையனின் அப்பா அம்மா செங்கல் சூளை வேலைக்குப் போனபோது அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். புத்தகம் அவன் பையில் போயிருக்கிறது.

பதிவேட்டில் அந்தப் புத்தகத்துக்கு எதிரே என்ன எழுதுவது என்று ஆசிரியை என்னைக் கேட்டார். பக்கத்தில் எந்தக் கடையும் நூலகமும் இல்லாத ஒரு சூளைக் கொட்டகையில், பள்ளி விட்டுப்போன ஒரு பிள்ளையிடம் ஒரு கதைப்புத்தகம் இருக்கிறது. இந்தப் பள்ளி அந்த ஆண்டு கொடுத்த புத்தகங்களிலேயே அதிகம் படிக்கப்படப்போவது அதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் 'தொலைந்தது' என்று எழுதுவதைத் தவிர அவருக்கு வேறு கட்டம் இல்லை.

இதைப் படிக்கிற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது, யாரும் கேட்காத ஒன்றைக் கேளுங்கள்: புத்தகப் பீரோ சாவி எங்கே? ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற மாதிரி கேட்காதீர்கள். தொலைந்தால், கிழிந்தால் அந்தப் பொறுப்பை ஊர் ஏற்கும் என்று குழுவில் தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடுங்கள். பிறகு பீரோவைத் திறந்து, பாயை விரியுங்கள்.